நாற்பது பெட்டிக்கு நாற்பது சிலிகா ஜெல்

கொல்கத்தாவில், பெஹாலா பள்ளியில் பரிசு கொடுத்துவிட்டுக் கிடர்பூர் ஆபீசுக்கு வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். பேக்கிங் பார்த்த வசந்தா பெருமையாகச் சொன்னாள்: "எல்லாப் பெட்டியிலயும் மறக்காம சிலிகா ஜெல் போட்டுட்டேன் சார். துணிப் பொம்மைல பூஞ்சையே பிடிக்காது."

நான் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன்.

எங்களுடையது கப்பல் சரக்கு ஏஜென்சி. ஈரம் உறிஞ்சும் அந்தச் சின்னப் பொட்டலத்தைப் போடாமல் எந்தப் பெட்டிக்கும் டேப் ஒட்ட மாட்டோம். ஜூனியர்களுக்கு அதைத் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். துர்கா பூஜைக்காகச் சிறப்புப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கட்டிய பரிசிலும் அந்தப் பழக்கம் நுழைந்துவிட்டது.

"பொட்டலத்துக்குள்ள நீல மணி இருக்குமே, அதாம்மா?"

"ஆமா சார், நம்ம கோடவுன் சரக்குதான்."

"அது விஷம்மா! பாதிப் பிள்ளைங்க கிடைச்சதெல்லாம் வாயில வைக்கும்னு டீச்சர் சொன்னாங்களே!"

வேனைத் திருப்பினோம். பூஜைப் பந்தல் மூங்கில்கள் பாதி ரோட்டை அடைத்திருந்தன. பள்ளியில் யாரும் போன் எடுக்கவில்லை. இந்நேரம் ஏதாவது ஒரு குழந்தை கடித்திருக்கும் என்று நினைத்தபடி திரும்பத் திரும்ப டயல் செய்தேன். அவ்வளவு பயம் அதற்கு முன் பட்டதில்லை.

பள்ளிக்குள் ஓடி விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்தார். முப்பத்தொன்பது பொட்டலம் கிழியாமல் கிடைத்தது. மிட்டுவின் பெட்டியில் மட்டும் இல்லை. மிட்டுவுக்கு ஏழு வயது, பேச்சு வராது. டீச்சர் அவள் வாயைத் திறந்து நாக்குக்கு அடியிலும் பார்த்தார். ஒன்றுமில்லை.

"முழுங்கிட்டாளா சார்?" வசந்தா அழ ஆரம்பித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அண்ணா, தூக்குங்க," என்றார் டீச்சர் வங்காளத்தில்.

தூக்கக் குனிந்தேன். மிட்டு என் சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். முழுசாக இருந்தது. காலையில் அவள் பெட்டியைப் பிரித்ததும் போட்டோவுக்குக் குனிந்தபோது அவள் என் சட்டைப் பையைப் பிடித்து இழுத்தாள். பேனாவுக்கு ஆசைப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்தபடி நிமிர்ந்துவிட்டேன்.

"யாராவது ஏதாவது கொடுத்தா, இவளும் பதிலுக்கு ஒண்ணு கொடுத்துடுவா," என்றார் டீச்சர்.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் பரிசு வாங்கும் முன்பே டீச்சரிடம் கேட்கிறோம். ஒவ்வொரு பெட்டியையும் அவர் பிரித்துப் பார்த்த பிறகுதான் குழந்தை கைக்குப் போகிறது. பெட்டி யாருக்குப் போகிறது என்று கேட்காமல் டேப் ஒட்டக் கூடாது என்பதை, வேலைக்குச் சேர்ந்து முப்பது வருஷம் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அன்று அந்தப் பொட்டலத்தை வாங்கி வசந்தாவிடம் கொடுக்கப் போனேன். மிட்டு விடவில்லை. பிடுங்கித் திரும்பவும் என் பையிலேயே வைத்து, மேலே இரண்டு தட்டுத் தட்டினாள்.