அம்மா வாய் திறக்க வேண்டும் என்று வேண்டினேன்

என் கால் வீங்கியபோது வீட்டில் ஒருவரும் பயப்படவில்லை. அப்போதே பயந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

எண்பத்தேழாம் வருடம், ஆனி மாதம். எனக்கு ஏழாம் மாதம். நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். வீட்டுக்காரருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. காலில் தொடங்கிய வீக்கம் கைக்கு வந்தது, பிறகு முகத்துக்கும் வந்தது. காலையில் இமையைத் திறக்கவே சிரமமாக இருக்கும்.

"தலைச்சனுக்கு அப்படித்தான் இருக்கும். எம்புட்டுப் பேருக்கு வீங்கியிருக்கு, எல்லாரும் பெத்துப் பொழைக்கலையா?" என்றார் மாமியார். பக்கத்து வீட்டு அம்மாள் பார்லித் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். எதிர்வீட்டு அம்மாள் தண்ணீரே குடிக்காதே என்றாள். ஒருத்தி பெண் பிள்ளை என்றால் வீங்கும் என்றாள், இன்னொருத்தி ஆண் பிள்ளை என்று அடித்துச் சொன்னாள். டாக்டரிடம் காட்டலாம் என்று மட்டும் ஒருத்தி வாயிலிருந்தும் வரவில்லை. நான் தினமும் விளக்கேற்றி ஆண்டாள் நாச்சியாரைக் கும்பிட்டேன். கும்பிட்டு எழுந்தால் தலை விண்விண்ணென்று தெறிக்கும்.

ஒரு நாள் காலையில் கண் முன்னால் பூச்சி பறந்தது. மாமியார் இரண்டு பேராகத் தெரிந்தார். ஒருவரையே சமாளிக்க முடியாத எனக்கு அன்றைக்குத்தான் நிஜமாகப் பயம் வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர், தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் கார் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு என்னைக் கொண்டு போனார். மாமியாரும் கூடவே வந்தார். தகவல் தெரிந்து என் அம்மாவும் ஓடி வந்துவிட்டாள்.

டாக்டரம்மா பிரஷரை இரண்டு முறை பார்த்தார். முகம் மாறிவிட்டது. என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து நெருப்பில் காட்டினார்கள். வெந்த முட்டையின் வெள்ளை மாதிரி திரண்டு நின்றது. அப்படித் திரளவே கூடாதாம்.

"உடம்புல நிக்க வேண்டிய சத்து கிட்னி வழியா ஒழுகுது. பிரஷரும் ஏறிப் போச்சு. எந்த நேரமும் வலிப்பு வரலாம்" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "இவங்களுக்குச் சின்ன வயசுல கிட்னியில ஏதாவது கோளாறு இருந்துச்சா?"

"அப்படி ஒண்ணும் கெடையாது டாக்டரம்மா. எம்பிள்ளை தலைவலின்னுகூடப் படுத்ததில்ல" என்றாள் அம்மா. பட்டென்று வந்தது பதில்.

டாக்டரம்மா விடவில்லை. உப்பில்லாமல் சாப்பிடச் சொல்லி யாராவது எப்போதாவது சொன்னார்களா என்று என்னிடம் கேட்டார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஐந்து வயதில், மற்ற பிள்ளைகள் மாங்காயும் உப்பும் தின்ன, நான் சப்பென்ற கஞ்சியைக் குடித்துக்கொண்டு அழுவேன். நாச்சியாருக்கு நேர்ந்த விரதம் என்று அம்மா சொல்லியிருந்தாள். அதையே டாக்டரிடம் சொன்னேன்.

"அஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்னங்க விரதம்?"

"நேர்த்திக்கடன் டாக்டரம்மா" என்றாள் அம்மா, கண்ணைப் பார்க்காமல்.

படுத்தபடியே அந்த விரத நாட்களை நினைத்துப் பார்த்தேன். பெரிய கூடம், வரிசையாகக் கட்டில்கள், இடுப்பில் ஊசி. இதெல்லாம் எந்தக் கோயிலில் நடக்கும்? விரதத்துக்கு ஊசி போடுவார்களா? "அம்மா, எனக்கு ஊசி போட்டாங்கல்ல?" என்றேன். "மயக்கத்துல ஒளறுதா" என்று மாமியாரிடம் சொன்னாள் அம்மா.

டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. வலிப்பைத் தடுக்கிற மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்றார். கிட்னி ஏற்கெனவே பழுதென்றால் மருந்து உடம்பிலேயே தங்கி மூச்சை நிறுத்திவிடுமாம். அளவைக் குறைக்க வேண்டுமாம். ரத்தப் பரிசோதனை மதுரையிலிருந்து வர மறுநாள் ஆகும். "அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று ஊசிக்கு ஏற்பாடு செய்யப் போனார்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள் ஏன் பேசவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. நோயை மறைத்துக் கட்டிக் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். நான் செத்தால் யாரைத் திருப்பி அனுப்புவார்கள்? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அந்த ஆத்திரத்திலேயே வேண்டினேன். அப்படி ஒரு வேண்டுதலை நான் அதற்கு முன் செய்ததில்லை. "நாச்சியாரே, அற்புதம் ஒன்றும் வேண்டாம். என் அம்மாவை வாய் திறக்க வை. உன் பெயரைச் சொல்லித்தான் இத்தனை வருடம் மூடி வைத்திருக்கிறாள். நீ சும்மா இருந்தால் எப்படி?" சண்டை போடுகிற மாதிரிதான் கேட்டேன்.

பதில் யார் மூலமாக வந்தது என்கிறீர்கள்? என் மாமியார் மூலமாக. அவர் இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். கோயிலில் வாங்கிய துளசி. அதை அம்மா கையில் வைத்தார்.

"மதினி, நாச்சியாருக்கு நேர்ந்து பச்சைப்பிள்ளையை விரதம் இருக்க வச்ச கை ஒங்க கை. நீங்களே இதை அவ நெத்தியில வச்சு, வாயில ஒரு எலை போடுங்க. ஒங்க நேர்த்தி வீணாப் போகாது."

நம்பித்தான் சொன்னார். குத்தல் இல்லை. அம்மா துளசியோடு என் பக்கம் வந்தாள். கை என் நெற்றிவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"இந்தக் கையால நான் வைக்க மாட்டேன் மதினி" என்று உட்கார்ந்துவிட்டாள். "அது நேர்த்தி இல்ல. அஞ்சு வயசுல மொகமெல்லாம் வீங்கி, மூத்திரம் டீத் தண்ணி மாதிரி போச்சு. மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தா. கிட்னின்னாக. உப்பே ஆகாதுன்னாக. நாளைக்கு யாரு கட்டுவான்னு, நாச்சியார் பேரைச் சொல்லி மறைச்சிட்டேன்."

மாமியார் துளசியைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகினார். வீடு இடியப்போகிறது என்று நினைத்தேன்.

"இதை இங்க உக்காந்து ஏங்கிட்ட எதுக்குச் சொல்லுதீக? எந்திரிங்க. டாக்டரம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்று அம்மாவைக் கையைப் பிடித்துத் தூக்கி இழுத்துக்கொண்டு போனார்.

மருந்தின் அளவைக் குறைத்தார்கள். அன்றைக்கே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. இருவரும் பிழைத்தோம். தாயே, உன் கருணை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். மாமியார் அதன்பிறகு ஒரு வருடம் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளை பிறந்தால் இறங்கிவிடும் என்று எல்லோரும் சொன்ன பிரஷர் எனக்கு இறங்கவில்லை. சிறு வயதில் வடுப்பட்ட கிட்னியால் உப்பையும் நீரையும் சரியாக வெளியேற்ற முடியவில்லை, கர்ப்பத்தின் சுமையும் சேர்ந்ததும் திணறிவிட்டது என்று டாக்டரம்மா விளக்கினார். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றும் சொன்னார். பத்து வருடத்துக்கு மேலாக மாத்திரை சாப்பிடுகிறேன். "நாச்சியார் காப்பாத்தின ஒனக்கு மாத்திரை எதுக்கு?" என்று நம் பஜனைக் கூட்டத்திலேயே கேட்கிறார்கள். அந்த மாத்திரையையும் அவள்தான் கொடுத்தாள் என்று எத்தனை தடவை சொல்வது?

அம்மாமார்களே, பிள்ளைத்தாய்ச்சிகளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள், அவள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்டுவிட்டு, உங்களுக்குத் தெரிந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனேன். வழக்கம்போல் அம்மாவும் வந்தாள். வரிசையில் இருந்த முன்பின் தெரியாத பெண்களிடம் என் கிட்னிக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். டீத் தண்ணி நிறத்தைக்கூட விடவில்லை. போதும்மா என்று கையைக் கிள்ளினேன். எதிரே முகம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி மெதுவாக எழுந்து நர்ஸிடம் போய், "சிஸ்டர், எனக்கும் சின்னதுல அப்படி இருந்துச்சு" என்றாள். அவளுடைய அம்மா என் அம்மாவை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

அம்மா அசையவில்லை. "என்னை அப்புறமா மொறைச்சுக்கலாம் தாயீ. மொதல்ல பிள்ளைகூட எந்திரிச்சு டாக்டர்கிட்டப் போ" என்றாள்.