புழு வலைக்குள், நாங்கள் வாசலில்

போன வாரம் எங்கள் தோட்டத்துக்கு மேற்கே தென்னைக்குக் குழி எடுக்கப் பொக்லைன் வந்தது. வண்டி மண்ணைக் கிளறியபோது முழங்கை நீளத்துக்கு ஒரு வேர் மேலே வந்து விழுந்தது. ஓரத்தில் இரண்டு தளிர். பார்த்ததும் தெரிந்துவிட்டது, பட்டுச்செடி, பட்டுப்புழுவுக்குப் போடுகிற மல்பெரி. இத்தனை வருஷம் மண்ணுக்குள் எப்படி உயிர் வைத்துக்கொண்டு கிடந்ததோ. ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்தேன். வண்டி ஓட்டுகிறவர் நான் ஏதோ நாட்டுமருந்து தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "எதுக்குங்கம்மா, சளிக்குங்களா?" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

அந்த இலை வாசம் வந்தால் கூடவே ஒரு சத்தமும் வந்துவிடும். பட்டுப்புழு தழை தின்னும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஓலைக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். புழு நாலு தடவை தூங்கி, தூங்கி எழும்போதெல்லாம் தோல் உரிக்கும். நாலாந்தூக்கம் எழுந்துவிட்டால் ஒரு வாரம் ராத்திரி பகல் பார்க்காமல் தின்னும். அப்புறம்தான் வாயில் நூல் விட்டுக் கூடு கட்டும். அந்த ஒரு வாரம் எனக்கும் தூக்கம் கிடையாது. தோல் மட்டும்தான் நான் உரிக்கவில்லை.

எங்கள் ஊர் வடகரப்பதிப் பக்கம், மலையாள எல்லைக்குள். ரோட்டுக்கு அந்தப்புறம் கோயமுத்தூர் ஜில்லா. பேச்சு அந்தப்புறத்துப் பேச்சு, ஆபீசுக் காகிதம் மட்டும் மலையாளம். நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள், அதனால் எந்தக் காகிதம் வந்தாலும் எனக்கு ஒன்றுதான். நான் கல்யாணமாகி வந்த மறுவருஷம் வெளிநாட்டு உதவியில் பட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. கிணற்றில் தண்ணீர் உள்ள குடியானவர்களுக்குச் செடி கொடுத்தார்கள், தட்டு கொடுத்தார்கள், ஜன்னலுக்கும் கதவுக்கும் அடிக்க நைலான் வலை கொடுத்தார்கள். ஒரு ஈ வந்து புழுவின் மேல் முட்டை வைத்துவிட்டுப் போகும், புழு செத்துவிடும். அதைத் தடுக்கத்தான் வலை.

வீட்டிலேயே பெரிய அறையை என் மாமனார் புழுவுக்கு விட்டுவிட்டார். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். வீட்டுப் பெண் என்றால் நானும் என் நாத்தனார் சரசுவும்தான். புழு அறைக்குள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மண்ணெண்ணெய் வாடை ஆகவே ஆகாது. கல்யாணமான புதிதில் பூ வைக்காமல் திரிந்த மருமகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சரசு விடமாட்டாள்.

"ஏனுங்க நங்கை, எங்கண்ணன் தாலி கட்டுனது உங்களுக்குங்களா, புழுவுக்குங்களா?"

எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. மரியாதையாக "ங்க" போட்டுக்கொண்டே மானத்தை வாங்குவாள்.

பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் கையில் வளர்ந்த புழு நோய் கண்டதில்லை. என் கூட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகாது, பாக்கு மாதிரி கெட்டியாக இருக்கும். அதனால்தான் திட்டத்தைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தபோது ஆபீசர் நேராக எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். வெள்ளைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்து, வலையைத் தொட்டுப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். வெளியே போனதும் ஆபீசரிடம் ஏதோ கேட்டார்.

"நீங்கெல்லாம் எங்க படுக்கறீங்கன்னு கேக்கறாருங்க" என்றார் ஆபீசர்.

"வாசல்லதானுங்க. புழு பெரிசாயிட்டா ஊடு அதுக்குத்தானுங்க" என்று நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

அவர் கயிற்றுக் கட்டில்களைப் பார்த்தார். ஆபீசரிடம் என்னவோ சொன்னார், ஆபீசர் சிரித்தார். அவர் சொன்னது என்ன என்று எங்களுக்கு யாரும் திருப்பிச் சொல்லவில்லை. இன்றைக்கும் படுத்துக்கொண்டு யோசிப்பேன், அந்த மனுஷன் என்ன சொல்லியிருப்பார் என்று.

சரசுவைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். தலைப்பிரசவத்துக்குக் கட்டுச்சோறு போட்டுக் கூட்டிவந்தோம். கட்டுச்சோறு எங்களில் பெரிய சங்கதி. புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று கிளறி, சொந்தபந்தத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது. அப்படி அழைத்து வந்த பெண் குழந்தை பெறுகிறவரை அப்பன் வீட்டில்தான் படுக்க வேண்டும். அடுத்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கினாலும் அப்பனுக்குக் கேவலம்.

அவள் வந்த சமயம் எங்கள் தெருவில் குளிர்காய்ச்சல். ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வண்டியில் வடக்கே வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவர் முதலில் நடுங்கினார். கம்பளி மேல் கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. அப்புறம் அவர் மனைவி, அப்புறம் பக்கத்து வீடு. மலேரியாக்காரர்கள் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப்போனார்கள். பின்னாலேயே ஜீப்பில் கொசுவுக்கு மருந்தடிக்கிற ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் இறக்கிய தகரப் பீப்பாயின் மேல் எங்கள் யாருக்கும் தெரியாத எழுத்து. கப்பலில் வந்த மருந்து என்றார்கள். எங்கள் புழுவும் அப்படிக் கடல் தாண்டிய காசில் வந்ததுதான். இரண்டு உதவியும் ஒரே மண்ரோட்டில் ஜீப் ஏறி வந்தன. ஒன்று வருவது மற்றதுக்குத் தெரியவில்லை.

மருந்தடிக்கிறவர்களுக்குத் தலைமை ஒரு மலையாளத்துக்காரர், நடுவயதுக்காரர், நல்ல மனுஷர். தெரு முழுக்க அடித்து முடித்து எங்கள் வாசலுக்கு வந்தபோது மாமனார் கதவை மறித்து நின்றார். உள்ளே புழு நாலாந்தூக்கம் எழுந்து தின்றுகொண்டிருந்தது.

"சார், கும்புட்டுக் கேக்கறனுங்க. இந்த மருந்து காத்துல பட்டாலே ஒண்ணு மிஞ்சாதுங்க. ஒரு வாரம் பொறுத்து வாங்க, கூடு கட்டீரும். நானே கதவைத் தொறந்து உடறனுங்க."

"காரணவரே, ஞான் சொல்றதைக் கேளுங்க. இந்தப் பனியை, இந்தக் காய்ச்சலை ஞான் அட்டப்பாடி மலையில கண்டதாணு. கர்ப்பிணிக்கு வந்தா வலிய கஷ்டம். புழு போனா வேற புழு வாங்கலாமல்லோ."

நான் தழைக்கூடையோடு நின்றிருந்தேன். சரசு என் தோளில் கை வைத்துக் காதுக்குள் சொன்னாள்: "எனக்கு மாப்பளை பாக்கறப்பக்கூட எங்கய்யன் இப்பிடிக் கெஞ்சுலீங்க நங்கை." நாங்கள் இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவளை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்புதான் முதலில் வருகிறது.

அந்த மனுஷர் கடைசியாக ஒன்று கேட்டார். "சரி, இந்தக் குட்டியையாவது மருந்தடிச்ச வீட்டில படுக்க வைப்பீங்களா? எதிர்த்த வீடு போதும்."

மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "கட்டுச்சோறு போட்டுக் கூட்டியாந்த புள்ளையை அடுத்தவன் ஊட்டுல படுக்க வெக்கறதுங்களா? நாஞ் செத்தா போயிட்டேன்?"

அவர் சொன்னதைக் கேட்ட தெருக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எந்தக் குடியானவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஜீப் போய்விட்டது. அன்று ராத்திரியும் புழு வலைக்குள் படுத்தது, நாங்கள் வாசலில் படுத்தோம். சரசு நடுக்கட்டிலில்.

ஒரு வாரத்தில், புழுவைக் கூடு கட்ட விடுகிற சந்திரிகை முழுக்க வெள்ளை வெளேரென்று கூடு. மூங்கிலில் வட்டமாகச் சுற்றிய அந்தத் தட்டியைத் தூக்கி நிறுத்தினால் மல்லிகைப் பந்தல் மாதிரி இருந்தது. அவ்வளவு நல்ல கூடு அதற்கு முன்னால் வந்ததில்லை. மாமனார் சொன்ன சொல் தவறவில்லை, அறையை ஒழித்து வைத்துக்கொண்டு மருந்துக்காரர்களுக்குக் காத்திருந்தார். அவர்கள் வரவில்லை. வேலந்தாவளம் சந்தைக்கு மாடு பார்க்கப் போனவர் விசாரித்துக்கொண்டு வந்தார். இருந்த மருந்து தீர்ந்துவிட்டதாம், அடுத்த கப்பல் வந்தபிறகு அடுத்த சுற்றாம்.

சரசுவுக்குக் குளிர் வந்தபோது வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு வருகிற அசதி என்றுதான் முதலில் நினைத்தோம். ஒருநாள் நடுங்குவாள், கொதிப்பாள், வேர்த்துக் கொட்டும். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்துகொள்வாள். "இன்னிக்குக் காச்சலுக்கு லீவுங்க நங்கை. பச்சை மாங்கா அறுத்துக் குடுங்க" என்பாள். அந்த லீவு நாட்கள்தான் எங்களை ஏமாற்றின. ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனார்கள். அந்தச் சேதி திரும்பி வருவதற்குள் அவளுக்கு நினைவு தடுமாறிவிட்டது. வாடகைக் கார் பிடித்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். தலை என் மடியில். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள், "தழை போட்டாச்சுங்களா, தழை போட்டாச்சுங்களா" என்று. போட்டாச்சு சாமி, போட்டாச்சு என்று சொல்லிக்கொண்டே போனேன்.

குழந்தை செத்தே பிறந்தது. பெண். சரசு மறுநாள் விடியும்போது போனாள்.

புழுவை வளர்த்தவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு, புழுவுக்குத் துக்கம் தெரியாது. அடுத்த முட்டை முன்பே சொல்லி வைத்தது, வந்து பொரிந்துவிட்டது. பதினாறாம்நாள் காரியம் முடியும் முன்பே நான் தழை நறுக்க உட்கார்ந்தேன். அழுதுகொண்டே நறுக்கினேன். ஊர்க்காரர்கள், என் காதில் விழுகிற மாதிரியே, "புழுவைப் பொழைக்க வெச்சுப் புள்ளையை உட்டுட்டாங்க" என்றார்கள். எங்கள் மாமனாரைப்போலப் பெண்ணைத் தாங்கிய தகப்பன் அந்தத் தெருவில் இல்லை. அது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் புழுவும் நாலாந்தூக்கம் எழுந்த சமயம் மறுபடி ஜீப் வந்தது. அதே மனுஷர். விஷயம் தெரிந்துதான் வந்திருந்தார், வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. மாமனார் எழுந்துபோய் முன்கதவைத் திறந்தார், அறைக்கதவைத் திறந்தார், வலையைப் பிடித்து இழுத்து ஆணியோடு பிய்த்துப் போட்டார்.

"அடிங்க சார்."

"காரணவரே, உள்ள புழு உண்டே?"

"இருக்கட்டுங்க."

"தட்டை எடுத்து வெளிய வைக்க ஆளு தரட்டே?"

"போன தடவை நீங்க சொன்னதை நாங் கேக்குலீங்க. இந்தத் தடவை நாஞ் சொல்றதை நீங்க கேளுங்க. அடிங்க."

நான் தட்டைத் தூக்கப் போனேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "உடு. அய்யன் ஒரு தடவையாச்சும் அழுகட்டும்." அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன், மகளுக்காக அந்த மனுஷர் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பம்பு அடிக்கிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அது ஓய்ந்தபோது உள்ளே தூறல் சத்தமும் ஓய்ந்திருந்தது. மாமனார் மாட்டுக்கட்டுத்தறியில் போய் உட்கார்ந்துகொண்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். சாயங்காலம் நானே தட்டுகளைக் குழியில் கொட்டி மண் தள்ளினேன். அந்த வருஷமே செடியை வேரோடு வெட்டி எடுத்தார்கள். எடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தோம்.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. பட்டுத் திட்டத்து ஆபீசைப் பூட்டினார்கள். மருந்து ஜீப் வருவது நின்றது. குளிர்காய்ச்சல் எங்கள் தெருவை விட்டே போயிற்று. இப்போதைய பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நடுக்கம் இருந்தது என்றே தெரியாது. போனது நல்லதுதான். ஆனால் அவளைக் கொண்டுபோனது எது என்று காட்டக்கூட இந்த ஊரில் இப்போது ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் ரொம்ப நாள் இருந்தது. மருந்தடித்தால் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். எழுத்து எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும், நம்பர் தெரியும். தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் முதலில் ஒரே தேதி இருந்தது, அதற்குக் கீழே இரண்டாம் சுற்றுத் தேதி. எங்கள் சுவரில் இரண்டாவது மட்டும்தான். அந்த இரண்டு தேதிக்கும் நடுவில்தான் எங்கள் சரசு இருந்தாள். தண்ணிக்குடத்தோடு போகும்போதும் வரும்போதும் எதிர்த்த சுவரை ஒரு தடவை, எங்கள் சுவரை ஒரு தடவை பார்ப்பேன். வெள்ளையடித்தாலும் மழைக்கு மறுபடி லேசாகத் தெரியும். அப்புறம் பழைய வீடுகளை ஒவ்வொன்றாக இடித்து மெத்தை வீடு கட்டினார்கள். எங்களுடையதையும் இடித்தாயிற்று. இப்போது தெருவில் எல்லாச் சுவரும் ஒன்றுபோல இருக்கிறது.