ஃப்ரெட் இல்லாத கழுத்து

கல்யாண ரிசப்ஷனில் பாடகரைப் பார்ப்பார்கள். பாடகியை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பார்ப்பார்கள். டிரம்ஸ்காரர் குச்சியைச் சுழற்றினால் குழந்தைகள் பார்க்கும். பேஸ் கிட்டார் வாசிப்பவனை மட்டும் யாரும் பார்த்ததில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நிற்பதால், சீரியல் லைட் கட்ட வந்த ஆள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது ரொம்ப வசதி. நாலு பேர் பார்த்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாத ரகம் நான்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டு, தி. நகரில் மின்விசிறிக்குக் காயில் சுற்றும் கடையில் உட்கார்ந்தவன். விசிறியும் பேஸ் கிட்டாரும் ஒன்றுதான். ஓடும்போது யாருக்கும் தெரியாது; நின்றால்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். வார நாளில் விசிறி, ஞாயிற்றுக்கிழமை மெல்லிசைக் குழு. இப்படிப் பன்னிரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நாற்பத்திரண்டு வயதில், எனக்கு ஓர் ஆசை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வரும்.

அந்தக் காலத்தில் கிளப்புகளில் வாசித்த ஒரு பெரியவர் பெசன்ட் நகரில் இருந்தார். மகளோடு வெளிநாடு போகிறார், சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துத் திறந்தார். எழுபதுகளில் செய்த பேஸ் கிட்டார். வார்னிஷ் தேன் நிறத்துக்குப் பழுத்திருந்தது. ஆனால் கழுத்தில் ஃப்ரெட் இல்லை.

ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பி. விரல் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும், அந்தக் கம்பி சுருதியைச் சரிக்கட்டி மானத்தைக் காப்பாற்றிவிடும். இந்தக் கிட்டாரில் அந்தக் கருணையெல்லாம் கிடையாது. வயலின் கழுத்து மாதிரி வழவழவென்று இருக்கும். விரல் எங்கே விழுகிறதோ, அதுதான் சுருதி.

"ரெண்டு பேரு வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொடுத்துட்டாங்கப்பா," என்றார் பெரியவர், நேர்மையாக. அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். நானோ ஒரு தந்தியை மீட்டி, விரலை அப்படியே மேலே வழுக்கவிட்டேன். யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். இருந்த நல்ல கிட்டாரை விற்று, இதை வாங்கிவந்தேன்.

மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் குழுவுக்குச் சொந்தம், வீட்டுக்கு வராது. அதனால் கிட்டாரின் தலையை மர அலமாரியில் அழுத்திக்கொண்டு வாசித்தேன். அலமாரி முழுவதும் பாடும். உள்ளே என் மனைவியின் வளையல்கள் தாளம் போடும். பத்து நாள் சொர்க்கத்தில் இருந்தேன். "கட்டின பொண்டாட்டிகிட்ட பத்து வார்த்தை பேச மாட்ட. அலமாரியோட இன்னாய்யா கொஞ்சல்?" என்றாள் அவள்.

கீழே இருந்த வீட்டுக்காரர் ரசனை உள்ளவர், சங்கீத சபா சீசன் டிக்கெட்காரர். மாடிக்கே வந்துவிட்டார். "மோட்டார் ஓடிண்டே இருக்கே, எங்காத்துல குழாய்ல ஒரு சொட்டு வரலையே," என்றார். நானும் அவரோடு சேர்ந்து கவலைப்பட்டேன்.

ஒத்திகை மாஸ்டர் வீட்டு மொட்டைமாடியில் நடக்கும். மாஸ்டர் என்றால் குழுவை நடத்துகிறவர். முதல் பாட்டு பாதி போவதற்குள் கையைத் தூக்கி நிறுத்தினார். "இன்னா நைனா, பேஸு வாசிக்கிறியா, பஸ்ஸு கியர் மாத்துறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்த கீபோர்டுக்காரர் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார். அப்போது கீபோர்டுக்குத்தான் மவுசு. ஒரே ஆளிடம் வயலின், புல்லாங்குழல், மழைச் சத்தம் எல்லாம் இருக்கும், சம்பளம் ஒருத்தருக்குத்தான். அவரே இடது கையால் பேஸும் வாசித்துவிடுவார் என்று மாஸ்டர் நினைவூட்டினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தி. நகர் ரிசப்ஷனில் ஒரு இடத்தில் சுருதி விலகினாலும், நான் இனிமேல் விசிறிகளோடு நிம்மதியாக இருக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து, இன்னா ஆச்சு என்று கேட்ட மனைவியிடம், "கழுத்துல கம்பி இல்ல, அதான் தப்பாவுது," என்றேன். விளக்கமாகப் பேசுவது நமக்குப் பழக்கமில்லையே.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து திரும்பினால், அவள் முகமெல்லாம் சிரிப்பு. கிட்டாரைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் வைத்து, தெப்பக்குளம் பக்கத்தில் வீணை செய்கிறவரிடம் கொண்டுபோயிருக்கிறாள். பாவம், யாரோ கம்பியையெல்லாம் பிடுங்கியிருக்கிறார்கள் என்று அவரும் பரிதாபப்பட்டிருக்கிறார். கழுத்தின் இரண்டு ஓரமும் கறுப்பு மெழுகால் கரை கட்டி, பித்தளைக் கம்பிகளை வரிசையாகப் பதித்து, தந்திகளைத் தூக்கி வைத்து, வீணைக்குச் செய்வது போலவே செய்து கொடுத்துவிட்டார். இவள் அதோடு நிற்கவில்லை. தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாஸ்டருக்கு போன் போட்டு, கம்பி போட்டாச்சு என்று நல்ல சேதியும் சொல்லிவிட்டாள்.

வாசித்துப் பார்த்தேன். ஒரு கம்பிகூடச் சுருதி பிசகவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. ஜலதோஷம் பிடித்த வீணை மாதிரி இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாராலும் தப்புச் சொல்ல முடியாது. குழுவில் என் இடமும் போகாது. அந்த முனகல் மட்டும் போய்விட்டது.

ராத்திரி முழுக்கப் புத்தியுள்ளவனாக இருந்து பார்த்தேன். காலையில் கத்தியை ஸ்டவ்வில் காட்டிச் சூடாக்கினேன்.

மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்ப நான் பண்ணது தப்பா?"

"உன் மேல தப்பில்ல. நான் ஒழுங்கா சொல்லல," என்றேன். "இது கம்பி இல்லாமத்தான் பேசும்."

அவள் என் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். "குடு. மரத்துலயும் கிழிச்சு வச்சிருவ." தோசைக்கல் சுரண்டுகிற பொறுமையோடு, மெழுகை ஓரம் ஓரமாக எடுத்தாள். நான் தந்திகளை இறக்கிக் கட்டினேன். சாயந்திரம் வரை அலமாரியோடு வாசித்து, வாசித்து, விரல் நுனியில் கொப்புளம். கீழ்வீட்டுக்காரர் பிளம்பரைக் கூட்டிவந்துவிட்டார்.

ரிசப்ஷனில் முதல் பாட்டில் இரண்டு இடம் எனக்கே கூசியது. மூன்றாவது பாட்டிலிருந்து கழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பாடகியின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு விரலை அதன் பின்னால் அனுப்பினேன். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் மேடைக்கு முன்னால் ஆடினார். ஐஸ்கிரீம் வரிசையில் சண்டை நடந்தது. என்னை யாரும் பார்க்கவில்லை. மாஸ்டரும் கையைத் தூக்கவில்லை.

பந்தியில் மாஸ்டர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். "பாத்தியா நைனா? கம்பி போட்டதும் சுருதி சும்மா கணக்கா நிக்குது. இதத்தானே நான் மொதல்லயே சொன்னேன்."

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தலையாட்டியிருந்தால் போதும், தலையாட்டுவதில் எனக்குப் பன்னிரண்டு வருஷ அனுபவம். ஆனால் மெழுகுக்கு அந்தப் பேர் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

"கம்பி இல்ல மாஸ்டர். நேத்தே எடுத்துட்டேன்."

அவர் நம்பவில்லை. கையைக் கழுவிக்கொண்டு மேடைக்குப் போய், கிட்டார் பெட்டியைத் திறந்து, கழுத்தின் மேல் கட்டைவிரலை மேலிருந்து கீழ் வரை ஓட்டினார். ஒன்றும் தட்டவில்லை. இன்னொரு முறை ஓட்டினார். நான் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"அப்ப மூணு மணி நேரமும் நீயாவா வாசிச்ச?"

"ஆமா மாஸ்டர்."

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யாருக்கும் சொல்லாத. கம்பி இல்லன்னு தெரிஞ்சா, தேடித் தேடித் தப்பு கண்டுபுடிப்பானுங்க. வர்ற ஞாயித்துக்கெழம அடையாறு. ஆறு மணிக்கு வந்துரு."

பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.