யன்னலோரத்தில் ஒரு கைக்குட்டை

டொரன்ரோவில் ஒரு குன்றின் மேல், மத்தியகாலக் கோட்டையைப் போலக் கட்டிய மாளிகை. எட்டுப் பேருக்கு ஒரு வான், அரைநாள் சுற்றுலா. கொழும்பிலிருந்து வரவிருந்த மனைவிக்கும் சேர்த்து இரண்டு சீற் பதிந்திருந்தேன். அவளுக்கு விசா கிடைக்கவில்லை. தனியாக வந்திருக்கிறேன்.

வழிகாட்டி கோபுரத்தைக் காட்டுகிறார். சோடி சோடியாக அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் முதல் ஆளாக வானுக்குத் திரும்பி, என் பக்கத்து யன்னலோரச் சீற்றில் கைக்குட்டையை விரிக்கிறேன்.

வான் ஓட்டும் யாழ்ப்பாணத்து அண்ணை கண்ணாடியில் பார்க்கிறார்.

“உதில ஒருத்தரும் இருக்கேல்லையே, தம்பி. ஆருக்கு லேஞ்சி?”

“மனுசிக்கு பஸ்ஸில இடம் பிடிச்ச பழக்கம், அண்ணை. விடேலாமக் கிடக்கு.”

பின்னால் ஏறிய வெள்ளைக்காரப் பெண் தன் பையை அந்தச் சீற்றில் வைக்கப் போகிறாள். அண்ணை திரும்பி, ஆங்கிலத்தில், அங்கே ஆள் இருக்கிறது என்கிறார்.