தியோதாத்து வீட்டுக்குக் கிரீடம் வந்த வருஷம்

எங்கள் பால்பண்ணைச் சமவெளியில் தியோதாத்துவைத் தெரியாதவர்கள் இல்லை. அவரோடு நாலு வார்த்தை பேசியவர்கள்தான் குறைவு. இளவயதில் போர்ச்சுகலின் தெர்செய்ரா தீவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்தவர், அன்றிலிருந்து மாடு கறக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பண்ணைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு.

ஈஸ்டர் முடிந்ததும் எங்கள் தீவுக்காரர் மன்றத்தில் இருக்கும் பரிசுத்த ஆவியின் வெள்ளிக் கிரீடம் வாரத்துக்கு ஒரு வீட்டில் தங்கும். யார் வீடு என்று சீட்டுக் குலுக்கி எடுப்போம். தினமும் சாயங்காலம் அங்கே ஜெபமாலை. வந்தவர்களுக்குச் சாப்பாடு அந்த வீட்டார் பொறுப்பு. தியோதாத்துவும் வருஷா வருஷம் பேர் கொடுப்பார், விழுந்ததே இல்லை. போன வருஷம் விழுந்துவிட்டது.

மனிதர் பயந்துபோனார். மன்றத் தலைவர் செராஃபிம் வீட்டுக்குப் போய், தன் அறையில் நாலு பேர் உட்காரக்கூட இடமில்லை, சட்டையெல்லாம் மாட்டு வாசம், வேறு யாருக்காவது மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். செராஃபிம் யோசித்தார். பதில் சொன்னது அவர் மனைவி லுசிண்டா.

"இங்க யார் சட்டையில மாட்டு வாசம் இல்ல, சொல்லுங்கண்ணே? உட்கார இடமில்லன்னா நின்னுக்கிட்டு ஜெபம் சொல்றோம். போய் மேசையைத் துடைச்சு வைங்க."

கிரீடம் வந்தது. வாசலுக்கு வெளியே நின்று ஜெபம் சொன்னோம். தொழுவத்து மாடுகளும் இடையிடையே குரல் கொடுத்தன. முடிந்ததும் அவர் பெரிய மண்சட்டி ஒன்றைத் தூக்கிவந்தார். மாட்டிறைச்சி சிவப்பு ஒயினில் மணிக்கணக்காய் வெந்த அல்காத்ரா. கறவைக்குப் போகும் முன்பே அடுப்பில் ஏற்றியிருக்கிறார். இனிப்பு ரொட்டியைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்த லுசிண்டா, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். யாருமில்லை, ஞாயிறுதோறும் தானே செய்து பார்த்துப் பழகியது என்றார்.

"இத்தன வருஷமா இதத் தனியா உட்கார்ந்து தின்னீங்களாக்கும்? பாவசங்கீர்த்தனத்துல சொன்னீங்களா இல்லியா?"

தியோதாத்து வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வாரம் முடிந்து கிரீடம் அடுத்த வீட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை அவர் தனக்கு மட்டும் சின்னதாய்ச் சமைத்தார். அந்த ஒற்றை அறையே பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். மதியம் வண்டிச் சத்தம். செராஃபிமும் லுசிண்டாவும் ரொட்டியோடு இறங்கினார்கள், நான் ஒயினோடு. கிரீடம்தான் இங்கே இல்லையே என்று அவர் தடுமாறினார்.

"சட்டி இருக்குல்ல," என்றார் செராஃபிம்.

ஆளுக்கு இரண்டு துண்டுதான் வந்தது. குழம்பை ரொட்டியால் வழித்துத் தின்றுவிட்டு, இருட்டும்வரை முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது ஞாயிறுகளில் அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. சொல்லிவிட்டு வரக்கூடாதா என்று தியோதாத்து முணுமுணுப்பார். ஒரு வாரம் போகாவிட்டால், உடம்புக்கு என்ன என்று மறுநாள் காலையிலேயே போன் செய்துவிடுவார்.