அறுபத்திரண்டாம் எண்

அப்பா இறந்தபோது எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போதவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றி ஒரு கதை இருந்தது. என்னிடம் இருந்த கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதில் குற்றவாளி நான்தான்.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். ஆறு நாள் கப்பலுக்கு, ஏழாம் நாள் ஊருக்கு. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும், தமிழர்கள் கூடும் தேக்காவுக்குக் கிளம்பிவிடுவார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார், காய்ச்சல்காரர்களைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவார். புளோக்கில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கல்யாணம் என்றாலும் நாற்காலி அடுக்குபவரும் அவரே. “உங்கப்பாவ மாதா கோயில் மணி மாதிரி யார் வேணும்னாலும் இழுத்து அடிக்கலாம்” என்பார் அம்மா. சொல்லிவிட்டு அவருக்கான சோற்றை மூடி வைப்பார்.

அந்தப் பெருந்தன்மை எனக்குக் கிடையாது. ஒன்பது வயது, ஒரே பிள்ளை. அப்பா முழுசாக எனக்கு வேண்டும்.

அந்த ஜூன் விடுமுறையில் பாசிர் ரிஸ் கடற்கரையில் சாலே கிடைத்தது. மூன்று நாளைக்கு வாடகைக்குத் தரும் சின்ன வீடு. “ஞாயித்துக்கெழம பூரா உனக்குத்தான். சைக்கிள் கத்துத் தர்றேன்” என்றார் அப்பா. வகுப்பில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

சனிக்கிழமை காலை, கிளம்புவதற்கு முன், வீட்டில் அம்மா கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். அப்பா கரி மூட்டையைக் கீழே இறக்கப் போயிருந்தார். தொலைபேசி அடித்தது. எடுத்தேன். அப்பாவோடு வேலை செய்யும் புதுக்கோட்டைக்காரர்.

“பாப்பா, நாளைக்கு அண்ணன் எங்களையும் வரச் சொன்னாங்க. எட்டுப் பேரு வர்றோம். எந்த நம்பர் வீடுன்னு மட்டும் கேட்டுச் சொல்றியா?”

எங்கள் எண் பதினான்கு. தொலைபேசிக்கு மேலேயே அப்பா எழுதி ஒட்டியிருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை. “அறுபத்திரண்டு” என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. “தங்கமான பிள்ளை” என்று அவர் போனை வைத்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பா சைக்கிளை வாடகைக்கு எடுத்து வந்தார். நான் குதித்துக்கொண்டு ஓடினேன். அவரோ அதைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினொன்றாயிற்று. “வருவாங்க லா, பஸ் லேட்டா இருக்கும்” என்று யாரும் கேட்காமலே சொன்னார். பன்னிரண்டாயிற்று. அம்மா அடுப்பை மூட்டவில்லை. வராத அந்த எட்டுப் பேர், வந்திருந்தால்கூட அப்பாவின் மனதில் அவ்வளவு இடத்தை அடைத்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் கையில் ஏது கைத்தொலைபேசி?

ஒரு மணிக்கு அப்பா சைக்கிளை எடுத்தார். “வா, பின்னால ஏறு. தேடிப் பாப்போம்.”

கடலை ஒட்டிய பாதையில் போனோம். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தார். தூரத்துக் கப்பல்களைக் காட்டினார், தம் சின்ன வயதைப் பற்றிச் சொன்னார், ஒரு பாட்டுக்கூடப் பாடினார். வீட்டில் அவ்வளவு பேசுகிறவர் இல்லை. எனக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. வீடுகளின் எண்கள் நாற்பது, ஐம்பது என்று ஏறிக்கொண்டே போயின. அழுகை வந்துவிட்டது.

“என்ன, காத்துல கண்ணு கலங்குதா?” என்றார், திரும்பாமல்.

“ம்” என்றேன்.

அறுபத்திரண்டாம் எண்ணில் ஒரு சீனக் குடும்பம் இருந்தது. அதற்கு எதிரே ஒரு மரத்தடியில் எட்டுப் பேரும் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வாரத்தில் ஒரே விடுமுறை நாள். எல்லாரும் சலவைச் சட்டை போட்டிருந்தார்கள். நடுவில் அவர்கள் சமைத்துக் கொண்டுவந்த பிரியாணிச் சட்டி, மூடியைத் திறக்கவேயில்லை.

புதுக்கோட்டைக்காரர் எழுந்தார். “பாப்பாதான் அறுபத்திரண்டுன்னு…”

“நான்தான்யா அவகிட்ட தப்பாச் சொல்லிட்டேன். பிள்ள என்ன பண்ணும்?” என்றார் அப்பா.

“பரவால்லண்ணே. கடலப் பாத்துக்கிட்டு நல்லாத்தான் இருந்துச்சு.”

அவ்வளவுதான். அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். சாயங்காலம் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அந்தப் புதுக்கோட்டைக்காரர்தான். அப்பா இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். அந்த எண்ணைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, சாகும்வரையிலும் கேட்கவில்லை.

தப்பித்துவிட்டோம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்பாவுக்குத் தெரிந்தேயிருந்தது என்று புரிய எனக்கே ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது. இன்னொன்று இப்போதுதான், அவர் போன பிறகுதான் உறைக்கிறது. அவரிடம் நான் கேட்டது கிடைக்காமல் போகவில்லை. வேறு யாரும் இல்லாமல், அவசரமில்லாமல், அவர் எனக்கே எனக்கென்று பேசிக்கொண்டு வந்த அரை மணி நேரம் அந்தச் சைக்கிள் பயணம்தான். அவர் என்ன பாட்டுப் பாடினார் என்றுகூட எனக்குத் தெரியாது. சீக்கிரம் முடிந்துவிட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே வந்தேன்.