அநாதை வரிசை

மீனாட்சிபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிர்த்த தொழுவத்தில் போன வாரம் ஒரு கறவை மாட்டுக்குக் குளம்பில் புண். மாட்டுக்காரர் மரத்தொட்டியில் நீல மயில்துத்தம் கரைத்து, அதன் காலைத் தூக்கி உள்ளே வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். உதவப் போனேன். போனவன் தொட்டியைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, அப்படி என்னத்தப் பாக்கறீங்க? வெறும் துத்தத் தண்ணிதானுங்க. கயித்தப் புடிங்க, ஒதைச்சுப்போடும்."

பிடித்தேன். மாடு உதைத்தது, அவரை அல்ல, என்னை. அன்றிலிருந்து முட்டியும் வலிக்கிறது, மனசும் ஓரிடத்தில் நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

துத்தத்துக்கு வாசனை இல்லை என்பார்கள். சுண்ணாம்போடு அது சேரும் நேரத்தில் பக்கத்தில் நின்றவன் அப்படிச் சொல்ல மாட்டான். செம்புப் பாத்திரத்தை நக்கியதுபோல் நாக்கின் அடியில் ஒரு புளிப்பு ஏறும். உடும்பஞ்சோலை மலைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் அந்தப் புளிப்போடுதான் நான் பல வருஷம் சோறு தின்றேன்.

அப்போது மலையில் காப்பி இலைக்குத் துரு பிடிக்கும் நோய். இலையின் அடியில் மஞ்சள் பொடி பூத்து, மழை முடிவதற்குள் செடி மொட்டையாகிவிடும். அதற்கு மருந்து பார்க்க வந்தவர் விசுவநாதய்யர், பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். கூலிக்காரர் குடியிருந்த லயத்தில் அவருக்குப் பூசண ஐயர் என்று பெயர். அவருக்கும் அது தெரியும், கோபித்ததில்லை.

பயிர்களுக்கு வரும் பூச்சி, பூசணம், நோய் இவற்றைப் படித்தவர்கள் சேர்ந்து நடத்திய சங்கம் ஒன்றில் அவர் அங்கத்தினர். வருஷத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். ஒருவர் தாம் கண்டதை வாசிப்பார், மற்றவர்கள் அதைக் கிழிப்பார்கள். கிழிபடாமல் மிஞ்சியது அச்சேறும். அச்சேறிவிட்டால் மலையிலுள்ள தோட்டமெல்லாம் அதைத்தான் கேட்கும். மருந்து நல்லது என்றால் எல்லோரும் அடிப்பார்கள், வீண் என்றால் ஒருவரும் தொடமாட்டார்கள்.

மூன்றாம் வகுப்போடு நின்ற என்னை அவர் பிடித்ததற்குக் காரணம் என் கையெழுத்து கோணாது என்பதும், நான் பேசமாட்டேன் என்பதும். "பேசறவன் எண்றதைத் தப்பவிடுவான் ஓய், நீர்தான் சரி" என்றார். என் கூச்சத்தை ஒரு தகுதியாக நினைத்த ஒரே மனிதர் அவர்தான். என் மாமனார்கூட அப்படி நினைத்ததில்லை.

எட்டு வரிசைச் செடி எங்கள் பொறுப்பு. ஒரு வரிசைக்கு மருந்து, அடுத்த வரிசைக்கு இல்லை, மறுபடி மருந்து, மறுபடி இல்லை. ஒவ்வொரு செடியிலும் ஒரு கிளையில் நூல் கட்டியிருக்கும். வாரம்தோறும் அந்தக் கிளையின் இலைகளை எண்ணி நான் எழுத வேண்டும். மருந்தில்லாத வரிசை எதற்கு என்று கேட்டேன். மனசுக்குள்தான் கேட்டேன், அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "மருந்தால பிழைச்சுதா, மழை குறைஞ்சதால பிழைச்சுதான்னு அந்த வரிசைதான் சொல்லும். அதைத் தொடப்படாது, கேட்டேளா?"

ஆட்கள் அதற்கு அநாதை வரிசை என்று பெயர் வைத்தார்கள்.

மருந்து கலப்பது சாமானிய வேலையில்லை. ஒரு மரப்பீப்பாயில் சாக்குப் பையில் கட்டித் தொங்கவிட்ட துத்தம், இன்னொன்றில் நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒரே வேகத்தில் மூன்றாவது பீப்பாயில் ஊற்ற வேண்டும். பிறகு கத்தியின் அலகை நனைத்துப் பார்ப்போம். அலகில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும். நீலத்தை நான் ஊற்றுவேன், வெள்ளையை ஊற்றியவள் செல்லம்மா. கம்பத்திலிருந்து மலையேறி வந்தவள், களையெடுக்கும் பெண்களில் மூத்தவள். முறைக்கு எனக்கு மதினி. என் கை நடுங்கினால் "ஏப்பா கொழுந்தனாரே, பொண்ணு பாக்க வந்த மாதிரி எதுக்கு நடுங்குற" என்பாள். மற்ற பெண்கள் சிரிப்பார்கள், என் கை இன்னும் நடுங்கும்.

கலந்த மருந்து மறுநாளைக்கு ஆகாது. மிஞ்சியதைக் குழியில் கொட்டச் சொல்லி உத்தரவு. அங்கேதான் தப்பு நடந்தது. ஓடையிலிருந்து மேட்டுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவர்கள் அந்தப் பெண்கள். அட்டைக்கடியோடு, வழுக்கும் பாதையில், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று. மழைக்கு முந்தின மருந்தடிப்பில் முதல் நாள் அரைப் பீப்பாய் மிஞ்சியது.

"இதக் குழிக்குக் குடுக்கவா நாங்க சொமந்தோம்?" என்றாள் செல்லம்மா. "அந்தா நிக்கிதே, அதுக்கென்ன மாத்தாந்தாய் புள்ளையா?"

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத பக்கத்தில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். பீச்சாங்குழல் சத்தம் அநாதை வரிசைப் பக்கம் கேட்டது. அடிப்பு முடியும்வரை தினமும் கேட்டது. ஐயர் மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறுவார். அவர் வருமுன் பெரிய மழை பிடித்து எல்லா இலையிலும் கண்ணுக்குத் தெரிந்த நீலக் கறையைக் கழுவிவிட்டது.

மழை ஓய்ந்தபோது அநாதை வரிசைகளில் முக்கால்வாசிச் செடிகள் இலையோடு நின்றன. நான் எண்ணியது எல்லாம் உண்மை, எழுதியது எல்லாம் உண்மை. ஐயர் நோட்டைப் புரட்டினார், வரிசைக்கு வரிசை நடந்தார், மறுபடி புரட்டினார்.

"மருந்து போட்டதுக்கும் போடாததுக்கும் பெரிய வித்தியாசம் காணலையே ஓய். நாலு வருஷமா நான் நம்பிண்டிருந்தது தப்பாக்கும். இந்த வருஷம் சங்கத்துல அப்படியே வாசிச்சுடறேன்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று அவர் கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தைத் திறக்கவேயில்லை.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் வாசித்தால் நல்ல மருந்து வீண் என்று அச்சேறும். நான் வாய் திறந்தால் செல்லம்மாவுக்கும் இன்னும் ஆறு பெண்களுக்கும் வேலை போகும், எனக்கும் போகும். காலையில் எழுந்ததும் அநாதை வரிசைகளில் ஒன்றான ஆறாவதுக்குப் போவேன், ஒரு இலையைத் திருப்பிப் பார்ப்பேன், திரும்பி வருவேன், கஞ்சி குடித்துவிட்டு மறுபடி போவேன். ஓடைக்குப் போய்க் காரணமில்லாமல் முகம் கழுவுவேன். பாதையில் புல் தேய்ந்துபோனதைக் கங்காணி பார்த்துவிட்டு, "என்னப்பா, புதையல் கிதையல் வச்சிருக்கியா?" என்று கேட்டான்.

கூட்டத்துக்கு முன்னால் சங்கத்துக்காரர் ஐந்து பேர் செடிகளை நேரில் பார்க்க வந்தார்கள். அவர்களில் வெள்ளைத் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் அநாதை வரிசையைக் குனிந்து பார்த்துவிட்டு, "விசுவநாதன், உங்க மருந்து ரொம்ப உசத்தி. போடாத செடிக்குக்கூடக் கேக்குதே" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஐயரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நான் பேசினேன். அவர்களைப் பார்த்துப் பேச முடியாமல், முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னால் நின்ற காப்பிச் செடியிடம் பேசினேன். "மிஞ்சுன மருந்த இதுகளுக்கு அடிச்சோம். நாந்தான் விட்டேன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. பிறகு பெரியவர் கேட்டார்: "எல்லாச் செடிக்குமா?"

எனக்குத் தெரியாது. நான்தான் குனிந்திருந்தேனே. களையெடுத்துக்கொண்டிருந்த செல்லம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தாள். "அது எப்பிடிப் போதும்? கொஞ்சமாத்தான மிஞ்சும். நோஞ்சானாப் பாத்து ஊத்துனேன். எந்தெந்தச் செடிக்கு ஊத்துனேன்னு இப்பவும் சொல்லுவேன்."

"இலையப் பாத்துட்டே சொல்லுவே. அது செல்லாதும்மா" என்றார் பெரியவர்.

"அப்ப என் கண்ணக் கட்டுங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முந்தானையால் தானே கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். செடியைத் தொடக்கூடாது என்று, ஒரு கையை என் தோளில் வைக்கச் சொன்னார்கள். ஆறாவது வரிசையின் மேல்முனையிலிருந்து நான் ஒவ்வொரு செடி முன்னாலும் நின்று "அடுத்தது" என்பேன். அவள் சொல்வாள். "இதுக்கு ஊத்துனேன். இதுக்கு இல்ல. இதுக்கும் இல்ல, இது தடியாத்தான் இருந்துச்சு, சமாளிச்சுக்கிரும்னு விட்டேன்." பெரியவர் பின்னாலேயே எழுதிக்கொண்டு வந்தார். அவள் இல்லை என்ற இடத்திலெல்லாம் வெறும் குச்சி நின்றது. ஊற்றினேன் என்ற இடத்தில் இலை. நாற்பது செடியில் இரண்டே இடத்தில் தடுமாறினாள். என் தோளில் அவள் கை வேர்த்து ஈரமாகியிருந்தது.

பெரியவர் தலைப்பாகையைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. ஆனா என் நம்பிக்கைய அச்சுப் போட முடியாது. இன்னொரு வருஷம் செய்யுங்க. இந்த ஆளுகளையே வச்சுச் செய்யுங்க."

ஐயர் அந்த வருஷக் கூட்டத்தில் மருந்தைப் பற்றி வாசிக்கவில்லை. தம் வரிசை கெட்ட கதையைத்தான் வாசித்தார், எங்கள் பெயர்களைச் சொல்லாமல். திரும்பி வந்து சொன்னார்: "முதல்ல சிரிச்சா ஓய். அப்புறம் ஒருத்தர் எழுந்துண்டு, நானும் போய் என் ஆட்களைக் கேக்கணும்னார். இன்னும் ரெண்டு பேர் எழுந்துண்டா. அப்புறம் யாரும் சிரிக்கலை."

அடுத்த வருஷம் துத்தம் வந்ததும் செல்லம்மா என்னிடம் வந்தாள். "என்னைய வேற காட்டுக்கு அனுப்பச் சொல்லுப்பா. கையில மருந்த வச்சுக்கிட்டு அதுக சாகுறதப் பாக்க என்னால ஆகாது." சொன்னேன், அனுப்பினார்கள். வெள்ளையை ஊற்ற வேறொருத்தி வந்தாள். மிஞ்சியதைக் குழியில் நானே கொட்டினேன். அந்த அநாதை வரிசைகள் ஒவ்வொரு இலையாக உதிர்ந்ததை நானே எண்ணினேன். அவற்றைக் காப்பாற்றாமல் இருப்பதுதான் என் வேலை. நாலு வரிசையிலும் கடைசி இலை போனபோது ஐயருக்கு எழுதிப்போட்டேன். மருந்து நல்லது என்று அச்சேறியது.

அதன்பின் ஐயர் வேறு பயிருக்கு மாறிப்போனார். செல்லம்மா மகனோடு கம்பத்துக்கு இறங்கினாள். எங்கள் எட்டு வரிசையைப் பிடுங்கிவிட்டு ஏலக்காய்ச் செடி வைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் முன்பு ஒரு காரியமாக மலைக்குப் போனபோது சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களையெல்லாம் நடந்து பார்த்தேன். எங்கும் எல்லாச் செடிக்கும் மருந்து அடிக்கிறார்கள், எல்லாம் பச்சையாக நிற்கின்றன. வரப்பு வரப்பாகத் தேடினேன். மருந்து படாத செடி ஒன்றுகூட அகப்படவில்லை. மேஸ்திரியிடம் கேட்டதற்கு, "ஒண்ண மட்டும் எதுக்குண்ணே சாக விடணும்?" என்றான். அவனுக்குச் சொல்ல அன்று ஐயர் எனக்குச் சொன்ன பதிலே என்னிடம் இருந்தது. வழக்கம்போல் சொல்லவில்லை.